தலைப்பேனும் நாமும்: கல்லூரி வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

கல்லூரியின் சுகாதார வரலாறு பற்றி ஒரு கட்டுரை தரும்படி நூற்றாண்டு மலர்க் குழுவினர் கேட்டபோது, மலேரியா, நெருப்புக்காய்ச்சல், அம்மாள் வருத்தம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் நாம் எழுத அமர்ந்தோம். ஆனால் பழைய மாணவிகள் நான்கு பேர் எங்கே சந்தித்தாலும், அது ரொறன்ரோவில் ஒரு கலியாண மண்டபமாக இருந்தாலென்ன, கொழும்பில் ஒரு செத்தவீடாக இருந்தாலென்ன, மலேரியாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "விடுதியிலை பேன் பார்த்தது ஞாபகமிருக்கோ?" என்று ஒருத்தி தொடங்கினால் போதும். அம்மம்மாக்களாகிவிட்டவர்களும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கை தலைக்குப் போகிறது.

அந்தச் சிரிப்பு ஓரிடத்தில் நின்றுவிடுவதையும் நாம் கவனித்திருக்கிறோம். எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய் திறவாத ஒரு விடயம் அதற்கு அப்பால் இருக்கிறது. அதையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரை வரலாறாகும் என்று எண்ணுகிறோம். வாசிக்கும்போது தலை கடித்தால் எம்மைப் பொறுத்தருள்க.

மிகப் பழைய துணை

தலைப்பேன் மனிதருக்கே உரிய பூச்சி. நாயிலிருந்தோ பூனையிலிருந்தோ அது எமக்கு வருவதில்லை. எம்மிடமிருந்து அவற்றுக்குப் போவதுமில்லை. மனிதர் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது. எகிப்திய மம்மிகளின் கூந்தலிலும் ஈர் ஒட்டியிருக்கக் கண்டிருக்கிறார்கள்.

இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரின் இடிபாடுகளில் 2016 இல் யானைத்தந்தச் சீப்பு ஒன்று அகப்பட்டது. தீப்பெட்டியிலும் சிறியது, ஏறத்தாழ 3700 ஆண்டுகள் பழையது. அதில் 17 எழுத்துகள் கீறப்பட்டிருப்பதை ஆய்வாளர் வாசித்து 2022 இல் வெளியிட்டனர். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேன் இதனால் ஒழியவேண்டும் என்பது அந்த வாசகத்தின் கருத்து. ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையில் மனிதர் எழுதி வைத்து எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு வாக்கியங்களுள் இது ஒன்று. அது அரசனின் வெற்றியைப் பற்றியதன்று, பேனைப் பற்றியது. சீப்பின் பல்லொன்றில் பேனின் எச்சமும் ஒட்டியிருந்தது. யானைத்தந்தச் சீப்பால் தலை வாரியவர் ஏழையாக இருந்திருக்க முடியாது என்பதை மட்டும் இங்கே குறித்து வைப்போம். பின்னால் அது தேவைப்படும்.

எமது இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. ஒளவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கதையைத் தமிழ்ப் பாட வகுப்பில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். விருந்தாளியைக் கூட்டிவந்த கணவன் அதை மனைவிக்குச் சொல்லப் பயந்து, முதலில் அவளருகே இருந்து தலையில் ஈரும் பேனும் எடுத்துக் கொடுத்து, மெல்ல மெல்ல விடயத்தைச் சொல்கிறான். அவள் முறத்தை எடுக்கிறாள். சிரிப்புக்குரிய கதைதான். ஆனால் ஒருவரின் மனத்தைக் குளிரச் செய்ய வேண்டுமானால் பேன் பார்த்துவிடலாம் என்று தமிழர் கருதியிருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

விறாந்தைப் படி

எமது வீடுகளிலும் அப்படித்தான். பின்னேரம் நான்கு மணி வெயில் சாய்ந்ததும் விறாந்தைப் படிகளில் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். மேற்படியில் அம்மம்மா, அதற்குக் கீழே அம்மா, அதற்கும் கீழே அக்கா, கடைசிப் படியில் நாம். ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருப்பவரின் தலையைப் பார்ப்பார்கள். அகப்பட்டது இரண்டு பெருவிரல் நகங்களுக்கிடையில் வைத்து நசிக்கப்படும். அந்தச் சின்னச் சத்தத்தில் ஒரு திருப்தி இருந்தது. ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அங்கேதான் அரங்கேறும். பரீட்சையில் புள்ளி குறைந்ததைச் சொல்லவும் அதுவே நல்ல நேரம். சொல்பவரின் முகம் கேட்பவருக்குத் தெரியாது.

சீப்பு இரண்டு பக்கமும் பல் வைத்தது. ஒரு பக்கம் சற்று அகலம், மற்றப் பக்கம் நெருக்கம். வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து, சீயாக்காயும் பயறும் தேசிக்காயும் சேர்த்து அவித்து அரைத்த அரப்புத் தேய்த்துக் கிணற்றடியில் முழுக்கு. எண்ணெய் பேனைக் கொன்றுவிடும் என்று அம்மம்மா நம்பினார். நாம் மருத்துவம் படித்தபின் அறிந்தது சற்று வேறு. எண்ணெய் பேனின் ஓட்டத்தைக் குறைக்கிறது, மயிரில் சிக்கை எடுத்துச் சீப்பை வழுக்கவிடுகிறது. வேலை செய்தது சீப்புத்தான். ஆனாலும் எண்ணெய், சீப்பு, பொறுமை என்ற மூன்றையும் ஒன்றாக வைத்திருந்த அம்மம்மாவின் வைத்தியம் இன்றைய மருத்துவத்துக்கு வெகுதூரத்தில் இல்லை.

வீட்டில் பேன் வெட்கமில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்தபிறகே அது வெட்கமாயிற்று. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதே எமது கதை.

ஒரே கூரையின் கீழ்

1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆசியாவிலேயே அவ்வகையில் முன்னோடியானது அது. எமது குடாநாட்டில் பெண்கள் வீட்டைவிட்டு வந்து, உறவல்லாத பெண்களோடு ஒரே கூரையின் கீழ்ப் படுத்தெழும்பிப் படிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வேர்விட்டது. அந்த வழியில் நூறு ஆண்டு கழித்து எழுந்ததே எமது கல்லூரி. பெண்கல்விக்கு விடுதி செய்த உதவியைச் சொல்லி முடியாது. பேனுக்கும் அது உதவியது என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

பேன் பாய்வதில்லை, பறப்பதுமில்லை. மயிரோடு மயிர் தொடும்போது நடந்து போகிறது. இரண்டு பெண்கள் ஒரு புத்தகத்தின் மேல் குனிந்தால் போதும். நடுவிரவில் ஒரே போர்வைக்குள் கதை பேசினால் சொல்லவே வேண்டாம். சிநேகிதம் எந்த வழியால் போகிறதோ அந்த வழியாலேயே பேனும் போகிறது. மூத்த பழைய மாணவி ஒருவர் எம்மிடம் சொன்னதுபோல, "எனக்கு ஆரோடை கோபம் எண்டு என்ரை தலையைப் பாத்தே மேற்றன் கண்டுபிடிச்சிடுவா."

சனிக்கிழமை காலை விடுதியில் தலை பார்க்கும் நாள். கிணற்றடிக்குப் போகுமுன் வரிசையில் நிற்கவேண்டும். மேற்றன் கதிரையில் இருப்பார். மடியில் வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். 1950 களில் விடுதியில் இருந்தவர்கள், தலையில் ஒரு வெள்ளைத் தூளைத் தூவித் துணியால் இறுகக் கட்டிப் படுக்கவிட்டதாகச் சொல்கிறார்கள். அது டி.டி.ரி. என்கிறார்கள் சிலர், வேறு மருந்து என்கிறார்கள் சிலர். அக்காலத்தில் டி.டி.ரி. மேல் உலகமே நம்பிக்கை வைத்திருந்தது உண்மை. 1943-44 மாரியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பரவிய தைபஸ் காய்ச்சலை, மக்களின் உடுப்புக்குள் அந்தத் தூளை அடித்துக் கட்டுப்படுத்தினார்கள். இலங்கையில் 1946 முதல் மலேரியா நுளம்பை ஒழிக்க வீடுவீடாக அடித்ததும் அதையேதான். அந்தத் தூள் தலைக்கு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தைபஸ் என்ற சொல்லோடு ஒரு விளக்கம் அவசியம். அந்த நோயைப் பரப்புவது உடற்பேன் என்பதை 1909 இல் தூனிஸ் நகரில் சார்ள்ஸ் நிக்கோல் கண்டறிந்தார். 1928 இல் நோபல் பரிசும் பெற்றார். உடற்பேன் உடுப்பின் தையலில் வாழ்வது. மாற்றுடுப்பும் தண்ணீரும் இல்லாத சிறைகளிலும் போர்முனைகளிலும் பெருகுவது. தலைப்பேன் அதற்கு நெருங்கிய இனமே என்றாலும் எமது பிள்ளைகளின் தலையில் அது எந்தக் கொடிய நோயையும் கொண்டு திரிவதில்லை. கடி, சொறி, சொறிந்த இடத்தில் சிலவேளை புண், கழுத்தில் நெறி, நித்திரைக் குறைவு, இவ்வளவுதான். உடற்பேனுக்குரிய பயமும் அருவருப்பும் தலைப்பேனின் மேல் வந்து விழுந்தன. வறுமையும் அழுக்கும் உடற்பேனோடு போகிறவை. அந்தப் பழியையும் தலைப்பேன் சுமந்தது.

தலை பார்க்கும் அதிகாரம்

பாடசாலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தலை பார்க்கும் வழக்கம் எமது மண்ணில் முளைத்ததன்று. 1907 இல் இங்கிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பேன் உள்ள பிள்ளையைச் சுத்தம் செய்யும்படி பெற்றோருக்கு அறிவித்தல் கொடுக்கவும், செய்யத் தவறினால் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யவும் 1908 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அதிகாரம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். பசியோடும் கண்நோயோடும் இருந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பரிசோதனைகளால் உயிர்பிழைத்தார்கள். ஆனால் தலை பார்க்கும் தாதி வரும் நாள், எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை வகுப்பு முழுவதும் அறியும் நாளாகவும் ஆயிற்று.

இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. அங்கிருந்து வளர்ந்ததே எமது பொதுச்சுகாதார சேவை. இன்று சுகாதார மருத்துவ அதிகாரியின் குழு தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பாடசாலையிலேயே பரிசோதிக்கிறது. வளர்ச்சி, பார்வை, பல், இருதயம் எல்லாம் பார்க்கப்படும். நாமும் அந்தக் குழுக்களில் போயிருக்கிறோம். அந்தச் சேவையைப் பற்றி எமக்குப் பெருமையே உண்டு. நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று. கல்லூரி தானாகவே ஏற்படுத்திக்கொண்ட தலை பார்க்கும் வழக்கத்தைப் பற்றியது.

குப்பி விளக்கும் ஒரு கரண்டி எண்ணெயும்

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் சிறிது எண்ணெய் விட்டு, நூல்திரி போட்ட விளக்கில் நாம் படித்தோம். உடுப்புத் தோய்க்கச் சனங்கள் பனம்பழத்தை எடுத்தார்கள். அக்காலத்தில் பேனுக்கு மண்ணெண்ணெய் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. ஒரு கரண்டி எண்ணெய் படிக்கும் விளக்குக்கா, பிள்ளையின் தலைக்கா என்று அம்மாமார் கணக்குப் போட்டார்கள். தலைக்கு வைத்துவிட்டு விளக்கருகே இருத்தாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. எம்மை வாசிக்கும் இளம் தாய்மாருக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்: மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், தீப்பிடிக்கும், அதன் ஆவி நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். அன்று எமது அம்மாமாரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கோயில் மண்டபங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தங்கியிருந்தன. அவர்களின் பிள்ளைகள் எமது வகுப்புகளில் சேர்ந்தார்கள். ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம். பேன் பெருகியது. மாதம் ஒருமுறை தலை பார்ப்பதென்று முடிவாயிற்று. ஆசிரியர்களுக்கு நேரம் போதாது. ஆகவே வகுப்புக்கு வகுப்பு மாணவிகளைக் கொண்டே சுகாதாரக் குழு அமைக்கப்பட்டது.

1992 இல் நாம் ஆண்டு 7 இல் இருந்தோம். அந்தக் குழுவில் நாமும் ஒருவர். கையால் தொடாமல் மயிரை விலக்கிப் பார்க்க எமக்கு ஓர் அடிமட்டம் தரப்பட்டது. ஈர் கண்டால் பெயரை எழுதவேண்டும். பெயர் எழுதப்பட்டவர்கள் கடைசி வாங்குக்குப் போகவேண்டும். அடுத்த மாதமும் இருந்தால் வீட்டுக்கு அனுப்பி, தலை சுத்தமானபின் வரச் சொல்வார்கள்.

எமது வகுப்பில் தீவுப்பகுதியிலிருந்து வந்த ஒரு தோழி இருந்தாள். கணக்கில் எம்மெல்லோரையும் விடக் கெட்டிக்காரி. முழங்காலைத் தொடும் கூந்தல். முகாமில் ஒரே கிணற்றில் நூறு பேர் குளிக்கும் இடத்தில், எண்ணெயும் சீப்பும் கண்டறியாத நாள்களில், அந்தக் கூந்தலை அவள் இறுகப் பின்னி மடித்துக் கட்டி வந்தாள். அடிமட்டத்தால் அதை விலக்கிப் பார்த்தது நாம். பெயரை எழுதியதும் நாம்.

எமது அம்மா முதல்நாள் இரவுதான் எமக்கு மண்ணெண்ணெய் வைத்திருந்தார் என்பதை நாம் ஒருவருக்கும் சொல்லவில்லை. எமது தலையை ஒருவரும் பார்க்கவுமில்லை. பார்ப்பவர்களின் தலையைப் பார்க்க ஆளில்லை.

இரண்டாம் மாதம் அவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். வீடு என்பது முகாம். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தாள். கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது நாமல்ல என்று சொல்லிக்கொள்ள இத்தனை ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறோம். அந்தத் தவணை முடியுமுன் அவள் வராமல் விட்டுவிட்டாள். குடும்பம் வன்னிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் நின்றாள் என்று இடாப்பில் எழுதுவதில்லை.

தென்மராட்சியில்

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு இந்த மலரை வாசிக்கும் பலருக்கு விளக்கத் தேவையில்லாதது. மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமம் முழுவதும் நடந்தது. நாமும் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், இரண்டு சீலைகளைத் தொங்கவிட்டுப் பிரித்த இடத்தில், எமது குடும்பத்துக்குப் பாய் விரிக்கும் அளவு நிலம் கிடைத்தது. தலைமாட்டுக்குத் தலைமாடு இன்னொரு குடும்பம். கிணற்றுக்கு வரிசை. மூன்று நாளுக்கு ஒருமுறை முழுகக் கிடைத்தால் பெரிய விடயம்.

ஒரு மாதத்துக்குள் எம் எல்லோருடைய தலையிலும் பேன். ஆசிரியர் மகள், வைத்தியர் மகள், கடைக்காரர் மகள், தோட்டக்காரர் மகள் என்று அது ஆளை விசாரிக்கவில்லை. சுகாதாரக் குழுவில் இருந்த நாம் நால்வர் ஒரு மாமரத்தின் கீழ் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, எம்மில் ஒருத்தி அந்தத் தோழியின் பெயரைச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அன்றுதான் எமக்கு விளங்கியது: நாம் அடிமட்டத்தால் அளந்தது அவளின் சுத்தத்தையன்று, அவளிடம் என்ன இல்லை என்பதை.

1996 இல் வலிகாமத்துக்குத் திரும்பி, ஓட்டை விழுந்த கூரையின் கீழ்க் கல்லூரி மீண்டும் தொடங்கியபோது தலை பார்க்கும் வழக்கமும் சுகாதாரக் குழுவும் திரும்பி வரவில்லை. ஒருவரும் அதை நிறுத்தும்படி கட்டளையிடவில்லை. தொடங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

இன்றைய மருத்துவம் சொல்வது

இன்று எமக்கு இரவில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றியது. "அக்கா, மகளின்ரை ஸ்கூலாலை கடிதம் வந்திருக்கு. பேனாம். எனக்கு வெளியிலை தலைகாட்ட ஏலாமல் இருக்கு" என்று லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் அழுவாரைப்போலப் பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறோம்.

பேன் இருக்கும் ஒரு தலையில் பெரும்பாலும் இருபதுக்கும் குறைவான பேன்களே இருக்கும். பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் வாழ்ந்து, நாளொன்றுக்கு எட்டு ஈர் வரை இடும். ஈர் பொரிக்க ஒரு கிழமையிலிருந்து பத்து நாள் வரை செல்லும். தலையைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். ஆகவே வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை. தலையணை உறையையும் துவாயையும் சுடுநீரில் தோய்த்தால் போதும்.

முழுகினால் பேன் போகாது. அது மயிரை இறுகப் பற்றிக்கொண்டு தண்ணீருக்குள் பல மணி நேரம் உயிரோடிருக்கும். நாள்தோறும் முழுகும் பிள்ளையின் தலையும் முழுகாத பிள்ளையின் தலையும் அதற்கு ஒன்றே. யானைத்தந்தச் சீப்பை இங்கே நினைவுகூர்க.

கடி என்பது பேனின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. முதல்முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அது தொடங்க நான்கு முதல் ஆறு கிழமை செல்லலாம். அதாவது, பேன் இருப்பது தெரியவரும் நாளில் அந்தப் பிள்ளை ஒரு மாதமாகப் பேனோடு வகுப்பில் இருந்திருக்கிறாள். அன்று அவளை வீட்டுக்கு அனுப்புவதால் யாரைக் காப்பாற்றுகிறோம்? மயிரின் அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு அப்பால் ஒட்டியிருக்கும் ஈர் அநேகமாக வெறும் கோது. மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளரும்போது அந்தக் கோதும் கூடவே கீழிறங்கி வருகிறது. நாம் அடிமட்டத்தால் தேடிப் பெயர் எழுதியவற்றில் எத்தனை வெறும் கோது என்று இன்று எண்ணிப் பார்க்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015 இலும் மீண்டும் 2022 இலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பேனோ ஈரோ இருப்பதற்காக எந்தப் பிள்ளையையும் பாடசாலையிலிருந்து நிறுத்தக்கூடாது.

வைத்தியம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஈரத் தலையில் கண்டிஷனர் பூசி, நெருக்கமான பேன்சீப்பால் அடியிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக வாரி, ஒவ்வொரு வாருக்கும் சீப்பை வெள்ளைக் கடதாசியில் துடைத்துப் பார்க்கவேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு கிழமை. மருந்து வேண்டுமானால் ஒரு வீதப் பெர்மெத்ரின் நீண்டகாலமாகப் பயன்படுகிறது. அது எல்லா ஈரையும் கொல்லாததால், பொரித்து வருவனவற்றுக்காக ஒன்பது பத்து நாளில் மீண்டும் வைக்கவேண்டும். பல நாடுகளில் பேன் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. அங்கெல்லாம் பேனை மூடி மூச்சடைக்கச் செய்யும் டைமெதிகோன் போன்றவை கிடைக்கின்றன. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்டே எதையும் வைக்கவேண்டும். வீட்டில் உள்ள எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து மறுபடி தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். அன்னமுன்னா விதையை அரைத்து வைப்பது ஊரில் இன்னும் உண்டு. அது பேனைக் கொல்லும். கண்ணில் பட்டால் கருவிழியையும் புண்ணாக்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடிக்கும் தோட்ட மருந்தைத் தலையில் பூசுவது அதைவிடக் கொடியது. தோலினூடாகவே அந்த நஞ்சு உடலுக்குள் போய் உயிரை எடுக்கும். ஒரு பூச்சியின் வெட்கத்துக்காக ஒரு பிள்ளையை இழக்கலாகாது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று எம்மவர் சொல்வது இதைத்தான்.

நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள்

கல்லூரித்தாய் எமக்குத் தந்தவை பல. எழுத்து, கணக்கு, மேடையில் நிமிர்ந்து நிற்கும் தைரியம், உலகம் முழுவதும் பரந்த இத்தனை சகோதரிகள். அந்தக் கடனை அடைக்க முடியாது. அவளின் குறையைச் சொல்வது அவளை இழிவுபடுத்துவதாகாது என்றும் நம்புகிறோம். அந்தக் குறையில் எமது கையும் இருந்தது.

ஆகவே இன்றைய அதிபருக்கும் ஆசிரியைகளுக்கும் பழைய மாணவிகள் சங்கத்துக்கும் எமது பணிவான வேண்டுகோள் இதுதான். எந்தப் பிள்ளையின் தலையும் வகுப்பின் முன் பார்க்கப்படவேண்டாம். எந்தப் பிள்ளையும் பேனுக்காகக் கடைசி வாங்குக்கோ வீட்டுக்கோ அனுப்பப்படவேண்டாம். பேன் கண்டால் பெயர் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் ஒரே துண்டு அனுப்பினால், எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தலை பார்க்கலாம். வசதியில்லாத பிள்ளைக்கு மருந்தும் நல்ல சீப்பும் சுகவீன அறையில் கேள்வியில்லாமல் கிடைக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. எமது ஆண்டு மாணவிகள் அதை ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறியத்தருகிறோம்.

எமது தோழியைப் பின்னர் நாம் காணவில்லை. இந்த மலர் உலகின் எத்தனையோ திசைகளுக்குப் போகிறது. எங்கோ ஒரு வீட்டில் அவள் இதைப் புரட்ட நேர்ந்தால், ஆண்டு 7 இல் கணக்கில் முதலாவதாக வந்தவள் அவளென்பதை நாம் மறக்கவில்லை என்று அறியட்டும். அன்று எமது தலையிலும் இருந்தது. நாம் சொல்லவில்லை. எம்மை மன்னித்துக்கொள்.